களுவாஞ்சிக்குடி குடும்பம்: ஞாயிறு வேன்

தவம் மாமா: ஞாயிறு கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்கு வேன் பேசியாயிற்று. காலை 5 மணி. யார் யார் வருகிறீர்கள்?

மங்களம் மாமி: மருமகள் நிரோஜா கட்டாயம் வர வேண்டும். நேர்த்தியே அவளுக்குத்தான். கொழும்பில் சோதனைக் குழாய் குழந்தைக்கு அவ்வளவு செலவழித்தும் கரு மூன்றாம் நாளோடு வளராமல் நின்றுவிட்டது. முட்டையில் பலம் இல்லை.

சுகந்தி அக்கா: அப்படி யார் சொன்னது மாமி?

மங்களம் மாமி: வேறு என்ன

சுகந்தி அக்கா: முதல் இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை முட்டை தனக்குள் சேர்த்து வைத்திருக்கும். கரு நாலு கலத்துக்கும் எட்டுக் கலத்துக்கும் இடையில் வரும்போதுதான் அதன் சொந்த மரபணுக்கள் முழுமூச்சாக வேலை தொடங்கும். அதில் பாதி தகப்பனுடையது. விந்தணுவின் டிஎன்ஏ உடைந்திருந்தால் முட்டை ஓரளவு திருத்தும். மிஞ்சினால் கரு அங்கேயே நிற்கலாம். முட்டையாலும் நிற்கலாம்தான். சோதிக்காமல் பழியை அவள் தலையில் போடாதீர்கள்.

ரஜனி: ஞாயிறு மரக்கறிதானே? இறால் வாங்கிவிட்டேன்

லோகேஸ்: இங்கே அனுப்பு

மங்களம் மாமி: என் மகன் பிரதீபனின் ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கை நல்லம்.

சுகந்தி அக்கா: எண்ணிக்கை நல்லதாக இருந்தாலும் உள்ளே டிஎன்ஏ உடைந்திருக்கலாம். அது வேறு சோதனை. விந்தணு 23 குரோமோசோமை மட்டும் கொண்டு போவதில்லை மாமி. முட்டைக்குள் கல்சியத்தை அலை அலையாக எழுப்பி வளர்ச்சியைத் தொடக்கி வைப்பதே அதிலுள்ள பிஎல்சி சீட்டா என்ற புரதம்தான்.

தவம் மாமா: வேனில் 14 பேர்தான் இருக்கலாம்

மங்களம் மாமி: என் பிள்ளை தோஹா வெயிலில் நின்று வீடு கட்டினான். எழுதித் தருவதாகச் சொன்ன வளவு இன்னும் வரவில்லை.

வசந்தி சித்தி: வளவுக் கதை இப்போது எதற்கு மச்சாள்?

சுகந்தி அக்கா: அந்த வெயிலையும் யோசியுங்கள். விரை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 பாகை குறைவாக இருக்க வேண்டும். கடும் சூடு, காய்ச்சல், சிகரெட் எல்லாம் விந்தணுவைக் கெடுக்கக்கூடும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம். இன்று சிகரெட்டை விட்டாலும் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும்.

பிரதீபன்: அக்கா, அந்தச் சோதனை எங்கே எடுக்கலாம்? லீவு 28 வரைக்கும்தான்.

மங்களம் மாமி: தம்பி, நீ பேசாமல் இரு

பிரதீபன்: அம்மா, ஊசி போட்டுப் போட்டு அவள் வயிறெல்லாம் நீலம். எனக்கு ஒரு சோதனை பெரிய விஷயமா?

சுகந்தி அக்கா: இரவு கோல் எடு தம்பி. விசாரித்து வைக்கிறேன்.

தவம் மாமா: மறுகா ஞாயிறு என்ன முடிவு?

வசந்தி சித்தி: நிரோஜா வரவில்லையாம்

மங்களம் மாமி: அப்போ நேர்த்தி?

ரஜனி: இறாலை லோகேஸ் வந்து எடுத்துப் போய்விட்டான்

தவம் மாமா: 11 பேர் என்று சொல்லி வைக்கிறேன். கூடினால் நாளைக்குள் சொல்லுங்கள்.