மூன்று வாரம் மாத்திரை போட்டும் மாற்றமில்லை, நிறுத்தலாமா?

தலவாக்கலை மகள்:
அம்மா முப்பது வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். அப்பா போனதிலிருந்து தூக்கமில்லை. விடிய மூன்று மணிக்கே எழும்பி அடுப்படியில் குந்தியிருப்பார், அடுப்பும் மூட்ட மாட்டார். கிளினிக்கில் மனச்சோர்வுக்கென்று, செரட்டோனின் என்ற மூளை இரசாயனத்தைக் கூட்டும் மாத்திரை தந்தார்கள். மூன்று வாரமாகியும் ஒன்றையும் காணோம். நிறுத்தலாமா?

மலைக்காற்று:
நிறுத்துங்க தங்கச்சி. நம்ம சனத்தின் கவலை லயத்து வீட்டில் இருக்கிறது, மூளையில் இல்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்; மழை வந்தால் கூரை ஒழுக்கு. மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே செரட்டோனின் கூடுமாம். அப்புறம் மூன்று வாரம் எதற்கு?

ஹட்டன் டீச்சர்:
தானாக நிறுத்த வேண்டாம் தங்கச்சி, டொக்டரிடம் கேளுங்கள். தம்பி கேட்டது நல்ல கேள்வி. கவலை வந்தால் சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பி கோட்டிசோல் என்ற ஓமோனை விடும். அந்த ஓமோன் மூளையில் ஹிப்போகம்பஸ் என்ற பகுதியிலுள்ள வாங்கிகளில், அதாவது ஓமோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களில், போய் ஒட்டும்போது 'போதும்' என்ற செய்தி போய்ச் சுரப்பு அடங்கும். வாங்கி குறைந்தால் பிரேக் பிடிக்காத லொறிதான். செரட்டோனின் அந்த நரம்புக் கலங்களைத் தூண்டி, வாங்கியை உண்டாக்கும் மரபணுவை வேலை செய்ய வைக்கிறது. அதற்கு நாள் பிடிக்கும். சில மனச்சோர்வு மருந்துகளை எலிகளுக்கு வாரக்கணக்கில் கொடுத்தபோது வாங்கிகள் கூடின. தாமதத்துக்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை.

மலைக்காற்று:
எலிக்கு நடந்தது எங்கள் அம்மாமாருக்கும் நடக்குமா? சூழல் மாறாமல் வாங்கி மட்டும் கூடி என்ன பயன், டீச்சர்?

ஹட்டன் டீச்சர்:
சூழலும் அதே வாங்கியைத்தான் தொடுகிறது. மொன்றியலில் மைக்கேல் மீனியின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தாய் எலி நிறைய நக்கி வளர்த்த குட்டிகளுக்கு அந்த மரபணுவின் மேல் மெதைல் பூட்டு, அதாவது மரபணுவை அடக்கி வைக்கும் இரசாயன ஒட்டு, குறைவு, வாங்கிகள் அதிகம். குட்டிகளைப் பிறந்தவுடன் வேறு தாயிடம் மாற்றி வைத்தால் வளர்த்தவளைப் போலவே ஆகின. தாயின் தொடுகை செரட்டோனின் வழியாகத்தான் அந்த மரபணு வரை போகிறது என்பது அவர்கள் விளக்கம்.

மலைக்காற்று:
அப்படியென்றால் முதலில், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பராவைப் பாருங்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு ஆயாவிடம் இருபது பிள்ளை. பால் கொடுக்க ஓடி வந்த தாய், பிள்ளை தூங்குமுன் திரும்ப மலை ஏற வேண்டும். மாத்திரையைப் பற்றி என் மனம் இன்னும் மாறவில்லை. ஆனால் நிறுத்தச் சொன்னது அவசரம், தங்கச்சி. டொக்டரைக் கேளுங்கள்.

தலவாக்கலை மகள்:
சரி அண்ணா. வியாழன் கிளினிக். மூன்று மணிக்கு எழும்புவதையும் சொல்கிறேன். அதுவரை நானும் அம்மாவோடு எழும்பி அடுப்பை மூட்டுகிறேன்.