அடாபலீன் போட்டு மூன்று வாரம் ஆகிறது, முகம் உரிகிறது, பருவும் கூடுகிறது. நிறுத்திவிடலாமா?

வேளச்சேரி_மழை

வயது 27, சிறுசேரியில் வேலை. கல்லூரியில் எல்லோருக்கும் பரு வந்தபோது எனக்கு வரவில்லை. 24க்கு மேல் ஆரம்பித்தது, தாடையிலும் நெற்றியிலும். பாசிப்பயறு மாவு, முல்தானி மட்டி, வேப்பிலை அரைத்துப் பூசுவது எல்லாம் பார்த்தாயிற்று. கத்திரி வெயில் முடிந்த வாரம் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அடாபலீன் 0.1% ஜெல்லும் ஒரு சன்ஸ்கிரீனும் எழுதினார். "ராத்திரி போடுங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். வெளியே அத்தனை கூட்டம். நானும் எதுவும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

முதல் ஐந்து நாள் ஒன்றும் தெரியவில்லை. ஆறாம் நாள் முகத்தில் தண்ணீர் பட்டாலே எரிச்சல். மூக்கின் இரண்டு ஓரமும் வெந்நீரில் போட்ட தக்காளித் தோல் மாதிரி உரிகிறது. இந்த வாரம் தாடையில் ஒரே சமயத்தில் ஏழெட்டு பரு. வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் போட்டுவிடுவேன். பரு இருக்கிற இடத்தில் கொஞ்சம் அழுத்தமாக, மற்ற இடத்தில் லேசாக. 15 கிராம் ட்யூப், அதற்குள் முடியப்போகிறது.

அம்மா தினமும் "தூக்கிப் போடு அதை" என்கிறார். ஆவணியில் பெரியப்பா பெண்ணுக்குக் கல்யாணம், இன்னும் பத்து வாரம்கூட முழுதாக இல்லை.

இதற்கு நடுவில் ஆபீஸ் தோழி ஒருத்தி தான் போடும் கிரீமைக் கொடுத்தாள். அவளுக்குப் பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனதை நானே பார்த்தேன். ட்யூபில் மூன்று பெயர் இருக்கிறது: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். தேடிப் பார்த்ததில் ட்ரெட்டினாயினும் அடாபலீனும் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. அப்படியென்றால் எரியாத அதற்கே மாறிவிடலாம் இல்லையா?

கேளம்பாக்கம்_சித்தப்பா

எந்தக் கிரீமும் வேண்டாம்மா. எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்து இருபது நிமிடம். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இதுதான்.

பெரம்பூர்_அக்கா

சித்தப்பா, உரிந்துபோன தோலில் எலுமிச்சையா? கோபித்துக்கொள்ளாதீர்கள், அதை மட்டும் சொல்ல வேண்டாம்.

தங்கச்சி, உரிமையோடு "நீ" என்றே எழுதுகிறேன். அடாபலீன் கதைக்கு அப்புறம் வரலாம். முதலில் அந்தத் தோழியின் ட்யூபை உன் மேஜையிலிருந்து அப்புறப்படுத்து.

எனக்குக் கல்யாணம் ஆன புதிதில், தெருமுனை பார்லரில் இதே மூன்று பெயர் போட்ட கிரீமைக் கொடுத்தார்கள். பத்து நாளில் முகம் வெளுத்துப் பளபளத்தது. "என்னம்மா போடுறே?" என்று மாமியாரே கேட்டார். அந்தக் கேள்விக்காகவே பதினாலு மாதம் போட்டேன். ஒரு தடவை ஊருக்குப் போனபோது ட்யூபை மறந்துவிட்டேன். நாலாம் நாள் கன்னம் மிளகாய் அரைத்துப் பூசினமாதிரி சிவந்துவிட்டது. தோசைக்கல் முன்னால் நிற்க முடியவில்லை. ஊரிலிருந்து திரும்பி அதையே மறுபடி போட்டேன், உடனே அடங்கியது. அப்போதாவது புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை. இன்னும் எட்டு மாதம் ஓடியது. கன்னத்தில் பூனைமுடி, மூக்கோரம் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு, இருபது வயதில்கூட இல்லாத அளவுக்குப் பரு.

கடைசியில் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் வரிசையில் நின்றேன். அங்கே இருந்த மருத்துவர் என் முகத்தைப் பார்க்கும் முன்பே "கிரீமைக் காட்டுங்க" என்றார். ட்யூபைத் திருப்பி மூன்றாவது பெயரின் கீழே பேனாவால் கோடு போட்டார். மொமெட்டசோன் என்பது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுவினோன் நிறமியைக் குறைக்கும், ட்ரெட்டினாயின் தோலை வேகமாகப் புதுப்பிக்கும். ட்ரெட்டினாயினால் வரவேண்டிய எரிச்சலையும் சிவப்பையும் ஸ்டீராய்டு அமுக்கிவிடும். அதனால்தான் உன் தோழிக்கு எரியவில்லை. இந்தக் கலவை மங்குக்கு, அதாவது முகத்தில் படரும் கறுப்புத் திட்டுக்கு, சில வாரம் மட்டும், மருத்துவர் பார்வையில் கொடுப்பது. பருவுக்கானது இல்லை. முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ஸ்டீராய்டாலேயே புதுப் பரு வரும். என் முகம் பழைய நிலைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஆகவே ஒரே குடும்பம் என்று நீ படித்தது சரிதான். ட்ரெட்டினாயின், அடாபலீன், டாசரோட்டின் எல்லாம் வைட்டமின் ஏ வழி வந்த ரெட்டினாய்டுகள்தான். ஆனால் அந்த ட்யூபில் சொந்தக்காரரோடு இன்னொருவரும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது உன் ஜெல். ட்யூப் மூன்று வாரத்தில் முடிகிறது என்றாயே, அங்கேயே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எனக்கு ஒரு 15 கிராம் ட்யூப் ஒன்றரை மாதத்துக்கு மேல் வரும். மொத்த முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுதான். நான் முதலில் மொச்சை அளவு எடுத்தவள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

பரு மேல் அழுத்திப் போடுவதிலும் பிரயோஜனம் இல்லை. நீ வேளச்சேரிக்காரி, உனக்கு இப்படிச் சொன்னால் சட்டென்று விளங்கும். நவம்பரில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற பிறகு மோட்டார் வைத்து இறைப்பது ஒரு வேலை. செப்டம்பரிலேயே வடிகாலைத் தூர்வாருவது வேறு வேலை. ரெட்டினாய்டு தூர்வாருகிற கட்சி. மயிர்க்கால் துவாரத்துக்குள் உதிரும் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெயோடு சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த அடைப்புதான் பின்னால் கரும்புள்ளியாகவோ சீழ்ப் பருவாகவோ ஆகிறது. அடாபலீன் அந்தச் செல்கள் ஒட்டாமல் ஒழுங்காக உதிரும்படி செய்கிறது. அதாவது இன்று தெரிகிற பருவுக்கு இல்லை, அடுத்த மாதம் வரவிருக்கும் பருவுக்கு. அதனால்தான் பரு வரும் பகுதி முழுக்க மெல்லிசாகப் போட வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்கச் சொல்வதும் அதனால்தான். தூர்வாரினால் சேறு கொஞ்ச நாள் தெருவோரம் கிடக்கும் இல்லையா, சிலருக்கு முதல் சில வாரம் பரு கூடுவதும் அப்படித்தான். நீ இப்போது அந்தச் சேற்றில் நிற்கிறாய்.

ஆனால் எரிச்சலும் உரிவதும் அதிகமாகப் போட்டதால். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டாம். நம் மாதிரி மாநிறத் தோலில் எரிச்சல் ஆறும்போது கறுப்புத் தழும்பை விட்டுப்போகும், பரு போனாலும் அது மாதக்கணக்கில் நிற்கும். நாலைந்து நாள் ஜெல்லை நிறுத்து. சாதாரண மாய்ஸ்சரைசர் மட்டும் போடு. தண்ணீர் பட்டால் எரியாது என்ற நிலை வந்ததும் வாரம் இரண்டு ராத்திரி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். முடிந்தால் மருத்துவருக்குப் போன் செய்து சொல்லிவிடு.

ஈர முகத்தில் போடாதே, ஈரத் தோல் அதிகம் உறிஞ்சும், அதிகம் எரியும். இருபது நிமிடம் காயவிடு என்பார்கள். ஏசி இல்லாத என் வீட்டில் ஜூன் மாதம் முகம் எங்கே காய்வது? மின்விசிறிக்கு நேர் கீழே பாய் போட்டு உட்கார்ந்து, ஒரு போன் பேசி முடித்து, அப்புறம் போடுவேன். மூக்கோரம், உதட்டோரம், கண்ணைச் சுற்றி முதலில் கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவி வேலி கட்டிவிடு, ஜெல் அங்கே வழியாது. ஜெல்லுக்கு மேலே ஒரு தடவை மாய்ஸ்சரைசர். சென்னைப் புழுக்கத்தில் அது எதற்கு என்று நானும் கேட்டவள்தான். வியர்வை வேறு, தோலின் ஈரப்பதம் வேறு. துவாரத்தை அடைக்காதது என்று எழுதிய இலேசான ஜெல் வகையாக வாங்கு.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுக்கிறாயா? நெற்றிப் பருவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தலைகுளிக்கும் முன் ஒரு மணி நேரம் வைத்தால் போதும், தலையணை உறையையும் மாற்று.

கல்யாண அவசரத்தில் பார்லர் பக்கம் போனால் ஜாக்கிரதை. அடாபலீன் போட்ட முகத்தில் மேலுதட்டுக்கு வாக்ஸிங் செய்துகொண்டேன், முடியோடு தோலும் வந்தது. ஒரு மாதம் மீசை வைத்தமாதிரி கறுப்புக் கோடு. வாக்ஸிங், ப்ளீச் என்றால் ஒரு வாரம் முன்பே ஜெல்லை நிறுத்திவிட்டுப் போ. முகத்துக்கு வாக்ஸிங்கே வேண்டாம் என்பேன்.

இன்னொன்று, தாடையில், அதுவும் 24க்கு மேல் என்கிறாய், ஹார்மோனும் காரணமாக இருக்கலாம். மாதவிடாய் சரியாக வருகிறதா? இதை இங்கே சொல்ல வேண்டாம், மருத்துவரிடம் சொல்.

மாத்திரை_டப்பா

மெடிக்கல் ஷாப்பில் நிற்பவன். அக்கா சொன்னதோடு கொஞ்சம்.

அடாபலீன், ட்ரெட்டினாயின் இரண்டும் மருத்துவர் சீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஸ்டீராய்டு கிரீம்களையும் 2018இல் அட்டவணை எச், அதாவது சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற மருந்துப் பட்டியலுக்குள் கொண்டுவந்தார்கள். ஆனாலும் தினம் நாலு பேராவது போனில் படத்தைக் காட்டி "இது ஒண்ணு குடுங்க" என்று வருகிறார்கள். சிலர் அமெரிக்காவில் அடாபலீன் 2016இலிருந்து சீட்டு இல்லாமலே கிடைக்கிறதே என்று வாதாடுவார்கள். கிடைக்கிறது, 0.1% மட்டும். அதற்காக அங்கேயும் ஸ்டீராய்டு கலந்த மூன்று பெயர்க் கிரீமைக் கடையில் அடுக்கி வைக்கவில்லை.

கலப்பதில் கவனம். அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் (பருவுக்குப் போடும் இன்னொரு மருந்து) ஒரே ட்யூபிலேயே வருகிறது, பிரச்சினை இல்லை. சாதாரண ட்ரெட்டினாயின் அப்படி இல்லை, பென்சாயில் பெராக்சைடும் வெளிச்சமும் அதைச் சிதைத்துவிடும். பெராக்சைடு பட்டால் தலையணை உறையும் துண்டும் வெளுக்கும், அம்மாவிடம் திட்டு வாங்காமல் வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமானது: கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டு போடக் கூடாது. உங்கள் பெரியப்பா பெண் கேட்டால்கூட இந்த ட்யூபைப் பகிர வேண்டாம்.

ஜிம்_தம்பி

எனக்கும் இதே எரிச்சல். மருத்துவர் சொன்ன வழி: போட்டு முதல் வாரம் அரை மணி நேரத்தில் கழுவிவிடு, பிறகு ஒரு மணி நேரம், பழகியதும் ராத்திரி முழுக்க. எனக்கு அது சரிப்பட்டது. ஷேவ் செய்கிற நாளில் ஜெல்லுக்கு லீவு.

வேளச்சேரி_மழை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எரிச்சல் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன், பட்டாணி அளவு (அம்மா நிஜமாகவே ஒரு பட்டாணியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்). தாடையில் புதிதாக இரண்டுதான். பழைய தழும்புகள் அப்படியே இருக்கின்றன, கல்யாணத்துக்குள் போகாது என்று தெரிகிறது, பரவாயில்லை. மருத்துவருக்குப் போன் செய்தபோது மாதவிடாய் பற்றியும் சொன்னேன், 45, 50 நாள் தள்ளிப் போகிறது. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.

பெரம்பூர் அக்கா, நீங்கள் எழுதியதை அந்தத் தோழிக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எட்டு மாதமாகப் போடுகிறாளாம், வெயிலில் போனால் முகம் தகிக்கிறது என்று முன்பே சொல்லியிருக்கிறாள், நாங்கள்தான் ஏப்ரல் வெயில் என்று விட்டுவிட்டோம். நேற்று ராத்திரி ட்யூபைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று மெசேஜ் அனுப்பினாள். சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே மருத்துவரிடம் போகிறோம்.

பெரம்பூர்_அக்கா

சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே கூட்டிப் போ. எட்டு மாதம் போட்டதை ஒரே நாளில் நிறுத்தினால் எனக்கு நடந்ததே அவளுக்கும் நடக்கலாம். எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் சொல்வார். குப்பை வண்டி இன்னும் வரவில்லை என்றால் அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு போகச் சொல், பெயரைக் காட்ட வேண்டும்.