பேரன் பேத்திக நாலும் நாலு குணம், ஒண்ண ரசிச்சா இன்னொண்ணு வாடுது, நீங்கள்லாம் என்ன பண்றீக?

கானாடுகாத்தான் அப்பத்தா (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். இந்த லீவுக்கு மகன் வீட்டுப் பிள்ளைக சிங்கப்பூர்ல இருந்தும் மக வீட்டுப் பிள்ளைக சென்னையில இருந்து பல்லவன் ரயில்லயும் வந்து எறங்கியிருக்காக. ரெண்டு என்னைய அப்பத்தாங்கும் ரெண்டு ஆயாங்கும், நானும் எங்க வீட்டு அவுகளும் மட்டும் இருந்த வீட்ல இப்ப முகப்புல இருந்து அடுப்படி வரைக்கும் சத்தந்தான். எனக்கு இதைவிட என்ன வேணும். நாலு பேரும் ஒரே ரத்தம், ஆனா நாலும் நாலு குணமா இருக்கிறத பாக்கப் பாக்க ஆச்சரியமா இருக்கு.

மூத்தவ பேத்தி, ஒம்பது வயசு, மக வீட்டுப் பொண்ணு. வந்த அன்னைக்கே சாவிக்கொத்த வாங்கி எது எந்த ரூமுக்குன்னு கேட்டு துண்டுக் காகிதத்துல எழுதி ஒவ்வொரு சாவியிலயும் நூல் போட்டு கட்டிட்டா. தாயம் ஆட உக்காந்தா முதல்ல சட்டம் சொல்லுவா, ஐயாவா, அதான் அவ தாத்தாவா இருந்தாலும் காய மாத்தி வச்சா விடமாட்டா. மக வீட்டுப் பையன் அஞ்சு வயசு, பயம்னா என்னன்னே தெரியாது, பால்காரர் கழுத்த கட்டிப் பிடிச்சு தொங்குவான், கையில இருக்கிற சீடைய தெருவுல போறவுக யாரு கேட்டாலும் குடுத்துட்டு வெறுங்கையோட சிரிச்சுக்கிட்டு வருவான். கடைக்குட்டி மகன் வீட்டுப் பொண்ணு, மூணு வயசு, எதுக்கெடுத்தாலும் நானே நானேன்னுதான் சொல்லும், பாவாடைய பின்பக்கம் முன்னாடியா போட்டுக்கிட்டு அரை மணி நேரம் முடிச்சோட போராடும், நாம கைய வச்சா அழுகை.

நாலு பேர்ல ரெண்டாவதா இருக்கிற பேரன்தான் நான் சொல்ல வந்தது. ஏழு வயசு, மகனோட தலைச்சன், அதனால எங்க வழக்கப்படி எங்க வீட்டு அவுக பேருதான் அவனுக்கு. நான் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல, ராசான்னுதான் கூப்பிடுவேன். வீட்டுக்கு ஆள் வந்தா வளவுல, அதான் உள்முற்றத்துல, தூணுக்குப் பின்னால போயி நின்னுக்குவான், வந்தவுக கெளம்புற நேரத்துலதான் மெதுவா ஒரு வார்த்தை வரும். ஆனா அவன் கண்ணு எதையும் விடாது. பட்டாலையில, அதான் கூடத்துத் தரையில, போட்டிருக்கிற ஆத்தங்குடிக் கல்லுல ஒரே ஒரு கல்லு மட்டும் பூ திரும்பி இருக்குன்னு என் கையப் பிடிச்சுக் கூட்டிப்போயி காட்டினான், கல்யாணமாகி வந்ததுல இருந்து அந்தக் கல்லு மேலதான் நடக்கிறேன், எனக்குத் தெரிஞ்சதே இல்ல. அன்னைக்கு முழுக்க எனக்கு மனசு நெறஞ்சு போச்சு.

இந்த வருஷம் பிள்ளையார் நோன்பு லீவுலயே வந்துச்சு, எல்லாரும் சேந்து இழை எடுத்துக்கிட்டோம். தெரியாதவுகளுக்காக சொல்றேன், திருக்கார்த்திகை தீபத்துல இருந்து 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடுற அன்னைக்கு சாயங்காலம் பிள்ளையாருக்கு ஆவாரம்பூ வச்சுக் கும்பிட்டு, 21 நூலு சேத்து திரிச்ச திரிய மாவுல வச்சுக் கொளுத்தி, எரியுற சுடரோட வாயில போட்டுக்கணும், அதுதான் இழை, வீட்டுப் பெரியவுக எடுத்துக் குடுப்பாக. அஞ்சு வயசுக்காரன் வாயத் தெறந்துக்கிட்டு முதல் ஆளா வந்து நின்னான், லபக்குன்னு போட்டுக்கிட்டு இன்னொண்ணு கேட்டான். எல்லாரும் கைதட்டினாக. ஏழு வயசுக்காரன் முறை வந்தப்ப சுடர பாத்துட்டு பின்னால போயிட்டான், கடைசியில அணைச்சுக் குடுத்தோம். வந்திருந்த சொந்தக்காரவுக ஒருத்தவுக, ஐயா பேர வச்சுக்கிட்டு இப்படி பயந்தா எப்படி, தம்பியப் பாருன்னு சொல்லிட்டாக. மறுநாள் காலையில அடுப்படிக்கு வந்து என் சேலையப் பிடிச்சுக்கிட்டு, அப்பத்தா அடுத்த நோன்புக்கு எனக்கு ரெண்டு இழை தருவீகளான்னு கேக்குறான். எனக்கு தாங்கல.

நான் அஞ்சு வயசுக்காரன பாத்து சிரிச்சு ரசிச்சதும் உண்மைதான், அத எப்படி ரசிக்காம இருக்கிறது. ஆனா சத்தமா ரசிச்சா பக்கத்துல நிக்கிறது அத தனக்கு வந்த குறையா எடுத்துக்குதே. நீங்கள்லாம் எப்படி சமாளிக்கிறீக? இன்னொண்ணும் கேக்கணும், இந்த வயசுல தெரியுற குணம் அப்படியே நிக்குமா, இல்ல வளர வளர மாறிடுமா?

தேவகோட்டை ஐயா

ஆச்சி, படிச்சுட்டு எங்க வீட்டுக்காரவுககிட்டயும் வாசிச்சுக் காட்டினேன். எங்க வீட்ல மக வயித்துப் பேரன்க ரெட்டைப் பிள்ளைக, ஆறு வயசு. ஒரே நாள்ல பொறந்து ஒரே பால் குடிச்சு ஒரே பள்ளிக்கூடம் போறானுக, ஆனா ஒருத்தன் வாயத் தெறந்தா மூட மாட்டான் இன்னொருத்தன் மூடினா தெறக்க மாட்டான். அதனால குணத்த நாம ஊத்தி வளக்கிறதா நெனைக்கிறதே எனக்கு போயிருச்சு, அது பிள்ளையோடயே வருது.

நான் செய்யிறது ஒண்ணுதான், ஒவ்வொருத்தனையும் தனியாக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். ரெண்டு பேரையும் சேத்து கூட்டிப்போனா பேசுறவன் பேசிக்கிட்டே இருப்பான், பேசாதவன் என்ன நெனைக்கிறான்னே தெரியாது. ஒருநாள் பேசாதவன மட்டும் பைக்ல முன்னால வச்சு பிள்ளையார்பட்டி போனேன், குடைவரையில ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னான், வெளிய வந்து சந்நிதித் தெருவுல நடக்கும்போது கேக்குறான், ஐயா நம்ம வீட்டுப் படத்துல பிள்ளையாருக்கு நாலு கை, இங்க மட்டும் ஏன் ரெண்டு கைன்னு. எத்தனை பெரியவுக அந்தப் பிள்ளையார வருஷா வருஷம் கும்பிட்டுட்டு வர்றாக, அதுல எத்தனை பேரு கைய எண்ணிப் பாத்திருப்பாக சொல்லுங்க. இது ரொம்பப் பழைய காலத்துக் கோயில், மலையக் குடைஞ்சு செதுக்கின பிள்ளையார், அப்ப ரெண்டு கையோடதான் செதுக்கியிருக்காகன்னு எனக்குத் தெரிஞ்சத சொன்னேன். வீடு வர்ற வரைக்கும் தும்பிக்கை ஏன் வலது பக்கம் வளைஞ்சிருக்குன்னு அடுத்த கேள்வி. அண்ணன் கூட இருந்திருந்தா இதுல ஒண்ணும் வெளிய வந்திருக்காது.

பேசுறவன குன்னக்குடி மலைக்குக் கூட்டிப்போனேன், அவன் படியேறும்போதே வர்றவுக போறவுக எல்லார்கிட்டயும் எந்த ஊருன்னு கேட்டுட்டான், மேல போறதுக்குள்ள பாதிப் பேரு அவனுக்கு சொந்தம். அதையும் தனியா ரசிச்சேன். தனியா இருக்கும்போது எவ்வளவு வேணா சிரிங்க கொஞ்சுங்க பாராட்டுங்க, பக்கத்துல ஒப்பிட ஆளு இல்லேல்ல.

நர்சரி டீச்சர், ரிட்டயர்டு

வணக்கம் ஆச்சி. காரைக்குடியில ரொம்ப வருஷம் சின்னப் பிள்ளைங்களுக்கு வகுப்பு எடுத்தவ நான். உங்க ரெண்டாவது கேள்விக்கு முதல்ல வர்றேன்.

அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ்ன்னு ஒரு தம்பதி, ரெண்டு பேரும் மனநல டாக்டர்கள், 1956ல நியூயார்க்ல ஆரம்பிச்சு 130க்கும் மேல பிள்ளைங்கள கைக்குழந்தையில இருந்து பெரியவங்க ஆகுற வரைக்கும் தொடர்ந்து பாத்தாங்க. எவ்வளவு துறுதுறுன்னு இருக்கு, புது ஆளு புது விஷயத்தக் கண்டா நெருங்குதா விலகுதா, மாறுதலுக்கு எவ்வளவு சீக்கிரம் பழகுது, எடுத்தத விடாம செய்யுதா, இப்படி 9 விஷயம் பாத்தாங்க. அதுல ஏறக்குறைய 40 சதவீதம் சுலபமா ஒத்துப்போற பிள்ளைங்க, 10 சதவீதம் வளக்க சிரமமான பிள்ளைங்க, 15 சதவீதம் மெதுவாப் பழகுற பிள்ளைங்க, மீதி எதுலயும் முழுசா அடங்காம கலந்து இருந்தாங்க. உங்க தூணுக்குப் பின்னால நிக்கிற பேரன் அந்த மெதுவாப் பழகுற கூட்டம்னு படிக்கும்போதே தோணுச்சு. அது பயந்தாங்கொள்ளித்தனம் இல்ல ஆச்சி, முதல்ல ஓரமா நின்னு பாத்து கணக்குப் போட்டுட்டு அப்புறம் கால வைக்கிற சுபாவம். என் வகுப்புல அப்படிப் பிள்ளைங்க வருஷத்துக்கு ரெண்டு மூணு வரும், ஜூன் மாசம் வாசல விட்டு உள்ள வராது, தீபாவளி லீவு முடிஞ்சு வந்தா அதுதான் புதுசா சேந்த பிள்ளைக்கு பாத்ரூம் எங்கன்னு காட்டும்.

நிக்குமா மாறுமான்னா, அடி சுபாவம் ஓரளவு நிக்கும், ஆனா அது எப்படி வளருதுங்கறது சுத்தி இருக்கிறவங்கள பொறுத்தது. பிள்ளையோட சுபாவமும் வீட்டுல எதிர்பாக்குறதும் ஒத்துப்போனா அந்தப் பிள்ளை நல்லா வரும், ஒத்துப்போகலன்னாதான் தொந்தரவுன்னு அந்தத் தம்பதி சொன்னத நான் வகுப்புல கண்ணால பாத்திருக்கேன். மெதுவாப் பழகுறவன பிடிச்சுத் தள்ளுனா இன்னும் உள்ள போயிடுவான், அப்படியே விட்டுட்டாலும் தப்பு. முன்கூட்டியே சொல்லி வைங்க, நாளைக்கு இன்னார் வருவாக, நீ வணக்கம் மட்டும் சொல்லு போதும்னு. அடுத்த நோன்புக்கு நாலு நாள் முன்னாடியே மாவுல சின்னத் திரி வச்சு நீங்க கொளுத்தி வாயில போட்டுக் காட்டுங்க, அவன் பாக்கட்டும், பாத்தாலே போதும்.

ஒண்ணு மட்டும் உங்ககிட்ட கோவிச்சுக்காம கேக்குறேன். அந்த அஞ்சு வயசுப் பையன எல்லாரும் சேந்து தைரியசாலி தைரியசாலின்னு சொல்றதும் வேண்டாம். அவனுக்கு ஒருநாள் நெஜமா பயம் வரும், அன்னைக்கு யாருகிட்ட போய் சொல்லுவான்? செஞ்சத சொல்லுங்க, சுடரோட போட்டுக்கிட்டியே சுட்டுச்சா எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. பேரு வச்சுறாதீங்க.

பள்ளத்தூர்

டீச்சர் சொன்னது சரி, ஆனா சொந்தக்காரவுக வாய என்ன பண்றது? அவுக சொன்னப்பவே அங்கேயே பதில் சொல்லிரணும், அதுவும் பிள்ளை காதுல விழுற மாதிரி. எங்க அப்பத்தா அப்படித்தான், யாராச்சும் என்னைய ஏன் இவ கறுப்பா இருக்கா ஏன் இவ பேசமாட்டேங்குறான்னு கேட்டா, அவ எங்க வீட்டுப் பிள்ளை அப்படித்தான் இருப்பா நீங்க காப்பி குடிங்கன்னு சொல்லிரும். எனக்கு இப்ப ஐம்பத்தஞ்சு ஆகுது, அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. தனியாக் கூட்டிப்போயி ஆறுதல் சொல்றது அப்புறம், முதல்ல சபையில நம்ம பிள்ளை பக்கம் நிக்கணும்.

சிங்கப்பூர் மருமக

நான் இங்க வழக்கமா படிக்க மட்டும்தான் வருவேன், இதுக்கு எழுதாம இருக்க முடியல. நான் மருமக பக்கத்துல இருந்து சொல்றேன். எங்க அப்பச்சி, அதான் எங்க அப்பா, எங்களை வளக்கும்போது ரொம்ப கண்டிப்பு, சாப்பிடும்போது பேசக்கூடாது, பெரியவுக இருந்தா பட்டாலையில ஓடக்கூடாது. இப்ப என் மக அவுக நெஞ்சு மேல ஏறி உக்காந்து மீசைய எண்ணுறா, அவுக மூச்ச அடக்கிக்கிட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் அசையாம படுத்திருக்காக. முதல்ல பாக்க எனக்கு ஒரு மாதிரி வலிச்சுச்சு, நமக்கு இதெல்லாம் கெடைக்கலயேன்னு. அப்புறம் ஒரு ஆராய்ச்சி பத்தி படிச்சேன், 2021ல அமெரிக்காவுல எமரி பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் ரில்லிங்னு ஒருத்தரும் அவரோட குழுவும் 50 பாட்டிமார ஸ்கேன்ல படுக்க வச்சு பேரப்பிள்ளை போட்டோவ காட்டுறாங்க, அப்ப மூளையில அடுத்தவுக உணர்ச்சிய கூடவே சேந்து உணர்ற பகுதிகள் வேலை செய்யுது, சிரிக்கிற பேரனப் பாத்தா அந்தச் சிரிப்பு, அழுறதப் பாத்தா அந்த வலி. அதே பாட்டிக்கு வளந்த மகனையோ மகளையோ காட்டினா, இவ என்ன நெனைக்கிறா ஏன் இப்படின்னு புரிஞ்சுக்கப் பாக்குற பகுதிதான் கூடுதலா வேலை செய்யுது. படிச்சு எனக்கு அழுகையே வந்துருச்சு, அப்பச்சி என்னைய புரிஞ்சுக்க இன்னமும் முயற்சி பண்றாகன்னு எடுத்துக்கிட்டேன்.

ஆச்சி, ஒரு வேண்டுதல். நீங்க இங்க எழுதின அந்தக் கல்லு விஷயத்த உங்க மருமககிட்ட சொல்லிட்டீகளா? சொல்லலேன்னா சொல்லுங்க. மெதுவாப் பழகுற பிள்ளைய வச்சிருக்கிற தாய்க்கு ஸ்கூல்லயும் விசேஷ வீட்லயும் கேக்குறது பூரா குறைதான். மாமியார் வந்து உன் மகன் கண்ணு எதையும் விடமாட்டேங்குதுன்னு சொன்னா அவ எவ்வளவு நாளைக்கு அத நெஞ்சுல வச்சுக்குவான்னு உங்களுக்குத் தெரியாது.

கானாடுகாத்தான் அப்பத்தா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணா எங்க வீட்டு அவுகளுக்கு படிச்சுக் காட்டினேன். டீச்சரம்மா நான் ஏன் கோவிச்சுக்கப்போறேன், நீங்க சொன்ன மாதிரி சுட்டுச்சாடான்னு அஞ்சு வயசுக்காரன கேட்டேன், நாக்க நீட்டிக் காட்டி லேசா சுட்டுச்சு ஆயா யாருகிட்டயும் சொல்லாதீகங்கறான். நீங்க கேக்கச் சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

அவுக எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்துட்டு ஒரு விஷயம் சொன்னாக பாருங்க, இத்தனை வருஷத்துல எங்கிட்டயே சொன்னதில்ல. சின்னப் பிள்ளையில அவுகளும் இழைக்கு பயப்படுவாகளாம், அவுக அப்பத்தா யாருக்கும் தெரியாம முந்தானைக்குள்ள வச்சு ஊதி அணைச்சு வாயில போடுமாம், எட்டோ ஒம்பதோ வயசு வரைக்கும். அன்னைக்கு ராத்திரியே பேரன பக்கத்துல படுக்கப்போட்டு அத அவன்கிட்ட சொல்லிட்டாக. அவன் எந்திரிச்சு உக்காந்து, அப்ப உங்க பேரும் என் பேரும் ஒண்ணு பயமும் ஒண்ணான்னு கேட்டு ஒரே சிரிப்பு, காலையில அவன் ஆத்தாகிட்ட போயி அவனே சொல்லிட்டான். சிங்கப்பூர் பொண்ணு, கல்லு விஷயத்த நான் மருமககிட்ட அடுப்படியில வச்சு சொன்னேன், ஒண்ணும் பேசல, கைவேலைய விட்டுட்டுப் போயி அந்தக் கல்லப் பாத்துட்டு வந்தா.

தனியாக் கூட்டிப்போற யோசனைய ஐயா சொன்னபடியே எடுத்துக்கிட்டோம். நாளைக்கு ரெண்டாவது பேரனோட பிள்ளையார்பட்டி. விஷயம் தெரிஞ்சதும் அஞ்சு வயசுக்காரன் எனக்கு எப்பன்னு ஒத்தக்கால்ல நின்னான், அதுக்குள்ள மூத்தவ யாரு எந்தக் கெழமை எந்தக் கோயில்னு முறை எழுதி முகப்புக் கதவுல ஒட்டியாச்சு, கடைக்குட்டி பேரு எதுத்தாப்புல இடத்த காலியா விட்டிருக்கா. ஏண்டின்னு கேட்டா, அது நானே சொல்லுவேன்னு அழும் ஆயா, அதுகிட்டயே கேட்டு எழுதிக்குவோம்ங்கறா.