குடும்பக் குழு: இரட்சிப்பை இழக்க முடியுமா?

சித்தி: அத்தான், பாப்பா சரியாகத் தூங்குவதில்லை. ஜெபக் கூட்டத்தில் பேசியவர், இரட்சிக்கப்பட்ட பிறகு தெரிந்தே பாவம் செய்தால் எபிரெயர் நிருபம் 6-ம் அதிகாரத்தின்படி திரும்பி வர வழியே இல்லை என்றாராம். இரட்சிப்பை இழக்க முடியுமா?

அத்தை: முடியும் என்றுதான் எங்கள் சபையில் சொல்வோம். தேமா பவுலோடு ஊழியம் செய்தவன்தானே? உலகத்தின்மேல் ஆசைவைத்துப் போய்விட்டான்.

பெரியப்பா: தேமாவின் முடிவை வேதம் சொல்லவில்லையே, நாம் எழுத வேண்டாம். யோவான் 10:28-ல் ஆண்டவர் தம் ஆடுகளை ஒருவனும் தம் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை என்கிறார்.

அத்தை: பிறர் பறிக்க முடியாது, சரி. ஆடே இறங்கிப் போனால், அண்ணே?

பெரியப்பா: நெதர்லாந்தில் இதற்குப் பெரிய சண்டையே நடந்தது. 1610-ல் அர்மினியுஸ் என்ற இறையியலாளரின் சீடர்கள், இதை வேதத்தில் இன்னும் ஆராய வேண்டும் என்று விட்டுவைத்தார்கள். 1618-19-ல் டார்ட் நகரில் கூடிய சபைச் சங்கம் இழக்க முடியாது என்றது. பின்னால் வந்த, மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி முடியும் என்றார். 1947-ல் உருவான நம் தென்னிந்தியத் திருச்சபையில் வெஸ்லி வழிவந்த மெதடிஸ்டுகளும், டார்ட்டின் கருத்தை ஒட்டிய பிரஸ்பிட்டேரியன்களும் சேர்ந்தார்கள். இரண்டு கருத்துக்காரரும் ஒரே திருவிருந்தில் முழங்கால்படியிடுகிறோம்.

அண்ணன்: இழக்க முடியாது என்றால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா, பெரியப்பா?

பெரியப்பா: டார்ட் சங்கமே அப்படிச் சொல்லவில்லை. தாவீதும் பேதுருவும் விழுந்ததை எடுத்துக்காட்டி, விழுந்தவன் தேவ தயவை உணராமலே கொஞ்ச காலம் இருக்க நேரும் என்று எழுதினார்கள். தேவன் அவனை மனந்திரும்பப் பண்ணுவார் என்பதுதான் அவர்கள் நம்பிக்கை. பாவத்தில் கவலையே இல்லாமல் இருப்பவரிடம் "நீர் பத்திரமாக இருக்கிறீர்" என்று நானும் சொல்ல மாட்டேன்.

பாப்பா: பெரியப்பா, எபிரெயர் 6-ல் மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் மனந்திரும்பப் புதுப்பிப்பது "கூடாதகாரியம்" என்று இருக்கிறதே. அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

பெரியப்பா: மக்களே, அங்கேயே நிற்காதே, 9-ம் வசனத்துக்கு வா. நிருபத்தை எழுதியவர் வாசிக்கிறவர்களைப் பிரியமானவர்களே என்று கூப்பிட்டு, இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டு என்று நம்புகிறோம் என்கிறார். கிறிஸ்து வேண்டாம் என்று உதறிப் போகிறவனுக்கு அந்த எச்சரிக்கை. அவர் வேண்டும் என்றுதானே நீ அழுகிறாய்?

பெரியப்பா: இன்னொன்று. கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் தேசியு எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளையிட்டான். விசுவாசிகளில் பலர் பயந்து பலியிட்டார்கள். சிலர் காசு கொடுத்து, பலியிட்டதாகச் சான்றுச் சீட்டு வாங்கினார்கள். அப்படிச் சான்று சொல்லும் பாப்பிரஸ் சீட்டுகள் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. இவர்களைத் திரும்பச் சபையில் சேர்க்கவே கூடாது என்றார் ரோமில் நொவாத்தியன் என்ற குரு. 251-ல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில், அந்நகர ஆயர் சிப்பிரியானோடு கூடிய ஆயர்கள், மனந்திரும்பினவர்கள் திரும்பி வர வழி வைத்தார்கள். சிலருக்கு நீண்ட காலத் தவம் இருந்தது, ஆனால் வாசலை மூடவில்லை.

அத்தை: இழக்க முடியும் என்றுதான் நான் இன்னும் நம்புகிறேன், அண்ணே. ஆனால் பாப்பா, அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு வழியில்லை என்று எங்கள் பாஸ்டரும் சொன்னதில்லை. பேதுரு மூன்று தரம் மறுதலித்தான். உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவனுக்கும் கரிநெருப்பில் மீனும் அப்பமும் வைத்து, வாருங்கள், சாப்பிடுங்கள் என்றார்.

பாப்பா: அப்போ ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து எடுக்கலாமா? பயமாக இருக்கிறது.

பெரியப்பா: எடு மக்களே. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன், 1 யோவானை முழுவதும் வாசிப்போம். ஐந்து அதிகாரம்தான்.

சித்தி: வாருங்கள் அத்தான். மைனி, நீங்களும் வாங்களேன்.

அத்தை: வருகிறேன். எபிரெயரும் வாசிக்க வேண்டும், 12-ம் அதிகாரம் வரைக்கும்.