பிரிக்கப்படாத உறை: கொடுத்ததில், பெற்றதில் உங்கள் மனத்தை விட்டுப் போகாத நிகழ்வு எது?

கடுகு விதை

நான்கு ஆண்டுகளுக்கு முன், எங்கள் சபையில் கணவரை இழந்த ஒரு சகோதரிக்கு, ஆராதனை முடிந்ததும் வாசலருகே ஓர் உறையைக் கொடுத்தேன். உள்ளே இருந்தது அந்த மாதத் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. காணிக்கைப் பையில் போடுவதை ஒருமுறை நேரில் கொடுக்கலாமே என்று தோன்றியது. கணக்கு வைக்கும் பழக்கம் உள்ளவன் என்பதால் உறையின் மேல் தேதியை மட்டும் குறித்திருந்தேன்.

சென்ற ஆண்டு எனக்கு வேலை போயிற்று. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல், வழக்கம்போல் காலையில் உடுத்திக் கிளம்பி மாலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். எப்படி அறிந்தாரோ, ஒரு ஞாயிறு அதே வாசலருகே அந்தச் சகோதரி ஓர் உறையை என் கையில் வைத்து, "இது உங்களுடையதுதான், அண்ணா" என்று சொல்லிவிட்டு, மகனை அழைத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், நான் கொடுத்த அதே உறை. என் கையெழுத்தில் அதே தேதி. ஓரங்கள் நைந்து, தாள் பழுப்பேறியிருந்தது. ஒட்டிய இடம் மட்டும் ஒட்டியபடியே இருந்தது. அதைப் பிரித்து, நானே வைத்த நோட்டுகளை நானே எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்நாளில் அவருக்குத் தேவை இருந்தது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பிறகு ஏன் பிரிக்கவில்லை?

வெளிவாசல்

சகோதரரே, எல்லோரும் நிற்கும் வாசலில் உறையை நீட்டினால் யார்தான் மனம் ஒப்பி வாங்குவார்? மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில், பிறர் புகழும்படி தாரை ஊதித் தர்மம் செய்யாதீர்கள் என்று இயேசு விலக்கியதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை என்பதால், என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுத்தவர்களின் பெயர்களைச் செயலாளர் வாசித்தார். என் பக்கத்தில் இருந்தவருடைய பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. அதன் பின் பாடிய பாட்டில் ஒரு வரிகூட என் காதில் ஏறவில்லை. ஆசீர்வாதம் கூறி முடித்த உடனே பொருளாளரிடம் சென்று ரசீதுப் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னேன். ரசீது இருந்தது, பட்டியலில் விடுபட்டுப்போயிருந்தது. மறுவாரம் என் பெயரை மட்டும் தனியாக, மன்னிப்புக் கேட்டு, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். மொத்தச் சபையும் திரும்பி என்னைப் பார்த்தது. கேட்டது கிடைத்த அந்த நொடியில் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல், கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றேன்.

ஏட்டுக்கணக்கு

வெளிவாசல் சொல்வதை முழுவதும் ஏற்க இயலாது. பிறர் காணக் கொடுப்பதெல்லாம் தாரை ஊதுவதாகிவிடாது. இயேசுவே காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, யார் எவ்வளவு போடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்ததாக மாற்கு 12:41 சொல்கிறது. அங்கே ஓர் ஏழை விதவை போட்ட இரண்டு காசும் சேர்ந்து, ஒரு நாள் கூலியான தெனாரியத்தில் 64-இல் ஒரு பங்குதான். கண்டதனால்தானே அதை அவரால் சீஷர்களுக்கு எடுத்துக்காட்ட முடிந்தது?

பதினோரு ஆண்டுகள் சபைப் பொருளாளராக இருந்தேன். ஒருமுறை நம்பிக்கையின்பேரில் ஒருவருக்கு ரொக்கமாகக் கொடுத்து, அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. என் அனுபவம் இவ்வளவுதான். ஆனால் அதிலிருந்து கற்றதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தனியாள் தனியாளுக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் 6-இல் விதவைகளுக்கான அன்றாடப் பங்கீட்டில் குறை எழுந்தபோது ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள், எருசலேமுக்கான தர்மப்பணத்தைக் கொண்டுபோக, யாரும் குற்றஞ்சாட்டாதபடி, பவுல் சபைகள் நியமித்தவரையும் உடன் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). தசமபாகத்தைச் சபைக்கு மட்டும் உரியது என்றும் நினைக்க வேண்டாம். உபாகமம் 14:28-29-இன்படி மூன்றாம் ஆண்டின் தசமபாகம் ஆலயப் பணிக்குரிய லேவியனோடு அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது. மருத்துவச் செலவானால் மருத்துவமனையில் கட்டுங்கள். பள்ளிக் கட்டணமானால் பள்ளியில் கட்டுங்கள். உதவி பெற்றவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்காதீர்கள். புகைப்படம் வேண்டவே வேண்டாம். கடன் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்; கொடுத்தால், திரும்பி வராது என்று எண்ணியே கொடுங்கள்.

மெழுகுத்திரி

திரும்பி வராது என்று எண்ணிக் கொடுத்தவருக்குத்தானே திரும்பி வந்திருக்கிறது, ஐயா! அதைத்தான் கடுகு விதை கேட்கிறார்.

நான் கத்தோலிக்கன், 1833-இல் பாரிசில் பிரடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் உறுப்பினன். நீங்கள் சொல்லும் ஒழுங்கெல்லாம் எங்களிடம் உண்டு. வீடுகளுக்கு இருவராகவே செல்வோம். கூட்டத்தில் ஒரு பை சுற்றிவரும். யார் எவ்வளவு போட்டார் என்பதும் தெரியாது, போடாதவர் யார் என்பதும் தெரியாது.

ஒரு மாலை, தனியாக வசிக்கும் முதியவர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றோம். அன்று இன்னும் மூன்று வீடுகள் இருந்தன. அவர் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் தோள்துண்டால் துடைத்து, முதுகுச் சாய்வையும் துடைத்து, எனக்காக நகர்த்தி வைத்தார். நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "இருக்கட்டும், நேரமாகிறது" என்றேன். உடன் வந்தவர் தரையில் அமர்ந்து அவரோடு பேசத் தொடங்கினார். முதியவரும் தரையில் அமர்ந்தார். துடைத்த நாற்காலி காலியாகக் கிடக்க, நான் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அடுத்த முறை சென்றபோது அவர் நாற்காலியைத் துடைக்கவில்லை. பொருளை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, கதவருகிலேயே எங்களை அனுப்பிவிட்டார்.

கடுகு விதை

வாசலில் கொடுத்தது தவறுதான். மருத்துவமனை, பள்ளி என்று ஏட்டுக்கணக்கு சொன்ன வழி அன்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், எந்தப் பள்ளி என்று எனக்குத் தெரிந்திருக்காது.

பணத்தை அப்போதே செலவழித்துவிட்டேன். இப்போது வேலை கிடைத்துவிட்டது. அந்த உறை என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. அதை நிரப்பி அவரிடமே கொடுத்தால் கடனை அடைப்பதுபோல் ஆகிவிடும் என்று தயங்குகிறேன். மெழுகுத்திரியின் பதிவைப் படித்த பின், இந்த ஞாயிறு அவரிடம் உறையைப் பற்றிக் கேட்டுவிடுவது என்று போனேன். அவர் முந்திக்கொண்டு, புது வேலை எப்படியிருக்கிறது என்று கேட்டார். நான் பதில் சொல்லிவிட்டு, பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்பு என்றார். கணக்கு மட்டும் வராதாம். உறையைப் பற்றி இருவரும் பேசவில்லை.