மறு: செடிகளின் ‘ஸ்ட்ரெஸ்’: ‘வாட்டல்’ என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

வறட்சி, உப்பு, குளிர் போன்றவை செடிக்குத் தரும் தொல்லையை ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை அழுத்தம், இறுக்கம், நெருக்கடி, தகைவு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. தனியாகப் பார்த்தால் நான்குமே பரவாயில்லை. பயிரைப் பற்றிய வாக்கியத்துக்குள் வைத்துப் பார்க்கும்போதுதான் எது தேறும் என்று தெரிகிறது.

‘அழுத்தம்’ தேறவில்லை. செல்லுக்குள் நிறைந்திருக்கும் நீர் செல்சுவரை உள்ளிருந்து தள்ளுவதற்கு விறைப்பழுத்தம் என்று ஏற்கெனவே பெயர். தண்ணீர் பற்றாமல் போனால் முதலில் குறைவதே அதுதான். தண்ணீர்ப் பற்றாக்குறையால் வரும் ஸ்ட்ரெஸை ‘நீர் அழுத்தம்’ என்றால், “நீர் அழுத்தம் கூடியதால் விறைப்பழுத்தம் குறைந்தது” என்று எழுத வேண்டிவரும். பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் இதைப் படித்து என்ன புரிந்துகொள்வார்? ‘இறுக்கம்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். வண்டியும் இயந்திரமும் ஏறிக் கெட்டிப்பட்ட நிலத்தை மண் இறுக்கம் என்கிறோம். வேருக்கு வரும் தொல்லைகளில் அதுவும் ஒன்று. இறுக்கத்தால் வந்த இறுக்கம் என்றா எழுதுவது? நெருக்கடி என்றால் நிதியும் அரசியலும்தான் நினைவுக்கு வருகின்றன, விட்டுவிடலாம்.

தகைவை அப்படி எளிதாக ஒதுக்க முடியாது. பள்ளி இயற்பியலில் தகைவு (ஸ்ட்ரெஸ்), திரிபு (ஸ்ட்ரெயின்) என்று இரண்டும் சேர்ந்தே வரும். இலங்கைப் பாடநூல்களில் தகைப்பு, விகாரம். கம்பியின் மேல் செயல்படுவது தகைவு, அதனால் கம்பியில் உண்டாகும் மாற்றம் திரிபு. ஜேக்கப் லெவிட் என்ற தாவர உடலியல் அறிஞர் 1970களில் இந்த இயற்பியல் இணையைத்தான் செடிகளுக்குக் கொண்டுவந்தார். சூழல் செடிக்குச் செய்வது ஒன்று, அதனால் செடிக்குள் நேர்வது இன்னொன்று. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்காதீர்கள் என்பது அவர் வாதம். இந்தப் பிரிவினை மிகவும் தேவையானது. ஆனால் அந்தச் சொற்கள் பயிருக்கு ஒட்டவில்லை. கொரோனா காலத்துக்குப் பிறகு திரிபு என்றால் புதிய வகை என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். “நெல்லில் உப்புத் திரிபு” என்று எழுதினால் உப்பைத் தாங்கும் புதுரகம் ஏதோ வந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

லெவிட் இயற்பியலில் தேடிய இணை தமிழில் வினைச்சொல்லிலேயே கிடக்கிறது. வெயில் வாட்டுகிறது, பயிர் வாடுகிறது. ஒன்று பிறவினை, மற்றது தன்வினை. செய்வது யார், படுவது யார் என்பதில் குழப்பமே இல்லை. வெயில் மட்டுமா, குளிரும் வாட்டும், பசியும் நோயும் வறுமையும் வாட்டும். ஆகவே வறட்சிக்கு மட்டுமே பொருந்தும் சொல் என்ற அச்சம் வேண்டாம். வெளியிலிருந்து வருவதற்கு ‘வாட்டல்’ என்று வைப்போம்: உப்பு வாட்டல், குளிர் வாட்டல், வெப்ப வாட்டல், நீர்த்தேக்க வாட்டல்.

“தண்ணீர் தேங்கினால் செடி எப்படி வாடும்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மையிலேயே வாடும். மழை விட்ட பிறகும் தண்ணீர் வடியாத வயலில் தக்காளியோ மிளகாயோ நின்றால் கவனித்துப் பாருங்கள். காலடியில் தண்ணீர் இருக்கும், இலை தொங்கிக் கிடக்கும். வேருக்குக் காற்று கிடைக்காததால் அதனால் நீரை உறிஞ்ச முடிவதில்லை. தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உள்ள நெல்லின் கதை வேறு.

செடிக்குள் நேர்வதற்கு முதலில் ‘வாட்டம்’ என்றுதான் எழுத நினைத்தேன். அதில் ஓர் இடைஞ்சல். வயலிலும் கட்டட வேலையிலும் வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. நிலச் சீரமைப்பைப் பற்றி எழுதும்போது “வாட்டம் பார்த்து வாய்க்கால் வெட்டு” என்ற வரி கட்டாயம் வரும். அதற்குப் பதில் ‘வாடல்’ என்று வைக்கலாம் என்றால், அது நோயின் பெயராக நிலைத்துவிட்டது. அதனால் இதற்கு ‘நலிவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வாட்டலால் வருவது நலிவு.

நலிவிலும் இரண்டு வகை உண்டு. தண்ணீர் குறைந்த நெல் வயலில் உச்சிவெயில் நேரத்தில் இலை நீளவாக்கில் சுருண்டு குழல்போல நிற்கும். இலையின் மேல்பக்கத்தில் வரிசையாக இருக்கும் பெரிய செல்கள் விறைப்பை இழப்பதால் அது சுருள்கிறது. வெயில்படும் பரப்பு குறைகிறது, ஆவியாகும் நீரும் குறைகிறது. பொழுது சாய்ந்ததும் இலை தானே விரிந்துவிடும். இது மீளும் நலிவு. தண்ணீர் விட்ட பிறகும் விரியாமல் நுனி கருகி நின்றால் அது மீளா நலிவு. கம்பி இழுபட்டுப் பழைய நீளத்துக்குத் திரும்புவதை மீட்சி என்று பள்ளியில் படித்தோமே, அதே சொல் இங்கும் சரியாக வந்து உட்காருகிறது.

இந்தப் பிரிவினையால் என்ன லாபம் என்று கேட்டவர்களுக்கு, சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரத்தைச் சொல்வேன். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள அந்தச் சுரபுன்னைக் காட்டை (கடலோர உப்புநீரில் வளரும் அலையாத்திக் காடு) ஆங்கிலேயர் காலம் தொடங்கிப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். மரம் போன இடத்தில் வெயில் நேரே மண்ணில் விழுந்தது, மண்ணின் ஈரம் ஆவியானது, நிலம் அமுங்கித் தொட்டிபோலக் குழிந்தது. ஓதத்தில் (கடல்நீர் ஏறும்போது) வந்த தண்ணீர் வற்றத்தில் (அது இறங்கும்போது) திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கிக் காய்ந்தது. உப்பு மட்டும் மிஞ்சியது. கோடையில் அங்கே உப்பு கடல்நீரையும் மிஞ்சிவிடும்.

அங்கே வெண்கண்டல் உண்டு. உப்போடு வாழப் பிறந்த மரம். காய்ந்த பகலில் அதன் இலையை விரலால் தேய்த்து நாக்கில் வைத்தால் கரிக்கும். உள்ளே வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. சுரபுன்னையோ பெரும்பகுதி உப்பை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடும். ஆனால் தாங்குதிறனுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்தத் தொட்டி நிலத்தில் கன்றுகளை மட்டும் கொண்டுபோய் நட்டால் உப்பு வாட்டல் அப்படியே இருக்கும், கன்றுகள் நலிந்து சாகும். 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து முதலில் வாய்க்கால்தான் வெட்டினார்கள். நடுவே பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன்முள் வடிவத்தில். ஓதம் உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. வாய்க்கால் கரையோரம் நட்டவை பிழைத்தன. திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் இதே முறைதான்.

நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைச் சொல்லி முடித்துவிடும் அறிக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். வாட்டல் நீங்கியதா என்ற கேள்வியே அவற்றில் இருக்காது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்பது எளிது.

இதே முறையில் இன்னோர் இணையும் கிடைக்கிறது. மீட்டல், மீளல். நாம் செய்வது மீட்பு, தாவரத்தொகுதி தானாகத் தேறுவது மீட்சி. பிச்சாவரத்தில் வாய்க்கால் வெட்டியதும் கன்று நட்டதும் மீட்பு. பிறகு ஓதத்தில் மிதந்துவந்த விதைகள் கரையொதுங்கித் தாமாக முளைப்பது மீட்சி. ‘மறுசீரமைப்பு’ என்ற சொல் கட்டடத்துக்கும் கடனுக்கும் போய்விட்டதால் அதை இங்கே இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

‘வாட்டல்’, ‘வாடல்’ இரண்டுக்கும் ஓரெழுத்துதான் வேறுபாடு, அச்சில் பிழை வரும் என்று இந்த இழையில் பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார்கள். வரத்தான் செய்யும். நோயைக் குறிக்கும்போது எப்போதும் ‘வாடல் நோய்’ என்றும், இங்கே எப்போதும் காரணத்தை முன்னால் சேர்த்து ‘உப்பு வாட்டல்’ என்றும் எழுதினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நாற்றங்காலில் கன்றை வெளியே நடுவதற்கு முன் நிழலைக் குறைத்து, தண்ணீரையும் குறைத்து, மெல்ல மெல்லத் தயார்செய்வார்கள். ‘வெயிலுக்குப் பழக்குவது’ என்பது எல்லோருக்கும் புரிகிறது. செடி தன் ஆயுளுக்குள் பழகுவதை ‘பழகல்’ என்றும், தலைமுறைகளாக வந்ததைத் ‘தகவமைப்பு’ என்றும் பிரிக்கலாமா? நாற்றுப்பண்ணையில் வேலை செய்பவர்கள் இதற்கு வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.