பயிற்றுப்பணிக்கு ஒரு புரொஜெக்டர், 28 பிள்ளைகள்: எந்தத் தொழில்நுட்பம் உண்மையில் உதவும்?

வருங்கால ஆசிரியை, செராஸ்

ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் எனக்கு விரைவில் பயிற்றுப்பணி (பயிற்சி ஆசிரியராகக் கற்பிக்கும் பருவம்) தொடங்குகிறது. மூன்றாம் ஆண்டு தமிழ்மொழி, 28 பிள்ளைகள், பெரும்பாலும் ஒரு மணி நேர இரட்டைப் பாடவேளை. புரொஜெக்டரை அலுவலகத்தில் பெயர் எழுதி எடுத்து வர வேண்டும். திரை இல்லை, வெண்பலகையில்தான் காட்ட வேண்டும். திரைச்சீலை பாதி சன்னல்களுக்குத்தான். இணையம் வகுப்பு வரைக்கும் சரியாக எட்டாது. பிள்ளைகள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது.

கல்விக் கழகத்தில் 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் கற்பித்தல் என்று நிறைய செயலிகளைக் காட்டுகிறார்கள். அவற்றில் பாதிக்கு மேல் ஆளுக்கொரு கருவி இருந்தால்தான் நடக்கும். பலகையாலும் ஆசிரியரின் குரலாலும் முடிகிற வேலைக்குக் கருவி வேண்டாம் என்பது என் எண்ணம். பிள்ளையின் காதுக்கும் கண்ணுக்கும் எட்டாததை எட்டவைக்கிற இடத்திலும், 28 பேரின் விடையும் எனக்கு ஒரே நேரத்தில் தெரிய வேண்டிய இடத்திலும் மட்டும் வேண்டும்.

இந்த அளவுகோல் சரியா? சரியென்றால் தமிழ்மொழிப் பாடத்தில் அந்த இடங்கள் எவை? நாள் பாடத்திட்டத்தில் கருவியின் பெயரை ஒரு வரியாக எழுதிவிடலாம். வகுப்பில் எங்கே சிக்கும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

---

தமிழாசிரியை, செந்தூல்

அளவுகோல் சரிதான் தங்கச்சி. அதை வைத்துப் பார்த்தால் முதலில் வருவது ஒலிப்பதிவு. ல, ள, ழ வேறுபாட்டைப் பிள்ளை சொல்லும்போது, தான் சரியாகச் சொல்வதாகவே அதற்குத் தோன்றும். வாய்க்குள் இருக்கும்போது தன் குரலைத் தானே எடைபோட முடியாது. வெளியிலிருந்து கேட்டால்தான் பிடிபடும்.

செய்முறை எளிது. கைப்பேசியில் இருக்கும் ஒலிப்பதிவுச் செயலியே போதும். பல்லி, பள்ளி, வால், வாள், வாழ், மனம், மணம், அரை, அறை என்று ஒரு பாடத்துக்கு நான்கு கூட்டத்துக்கு மேல் வேண்டாம். முதலில் உங்கள் குரலில் சொற்களுக்கிடையே இரண்டு வினாடி இடைவெளி விட்டுப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளை சொல்வதைப் பதியுங்கள். கைப்பேசி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராகப் பிடித்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று இடித்து மற்ற ஒலியை அமுக்கிவிடும். அந்த ஒரு நிமிடத்துக்கு மின்விசிறியை நிறுத்துங்கள். இரண்டு பதிவையும் அடுத்தடுத்துப் போட்டு, "எந்தச் சொல்லில் வேறுபாடு கேட்டது?" என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு திருத்தினால் பதிவு எடுத்ததற்கே பயனில்லை.

மடிக்கணினியின் ஒலிபெருக்கி பின்வரிசைக்குக் கேட்காது. சிறிய வெளி ஒலிபெருக்கி ஒன்று வேண்டும், அதை மேசைமேல் வைக்காமல் நாற்காலியில் ஏற்றி வகுப்பின் நடுவில் வையுங்கள். பிற்பகலில் தகரக் கூரையில் மழை இறங்கினால் கேட்டல் நடவடிக்கையே நடக்காது. மதியப் பாடவேளை என்றால் அதற்கு மாற்றாக ஒரு வாசிப்பு நடவடிக்கையைக் கையில் வைத்திருங்கள். பதிவுகளைப் பாடம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். பிள்ளைகளின் குரலோ முகமோ புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்குப் போகக் கூடாது, தலைமையாசிரியரும் பெற்றோரும் சம்மதித்தாலொழிய.

குரல்வழித் தட்டச்சை உச்சரிப்புச் சோதனைக்குப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அது சூழலைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கிறது. பிள்ளை 'மளை பெய்தது' என்றாலும் திரையில் 'மழை பெய்தது' என்று சரியாக எழுதிவிடலாம். நீங்கள் தேடும் பிழையையே அது மறைத்துவிடும்.

இரண்டாவது, கையெழுத்து. ழ, ண, ஞ போன்ற எழுத்துகளை எங்கே தொடங்கி எங்கே வளைப்பது என்பதைப் பலகையில் காட்டும்போது உங்கள் முதுகும் தோளும் மறைக்கும். கைப்பேசியை வளைகழுத்துத் தாங்கியில் மாட்டி, நோட்டுக்கு நேர்மேலே 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து, டிராய்ட்கேம் போன்ற செயலி வழியாக மடிக்கணினிக்கு அனுப்பினால் பேனா முனை நகர்வதை எல்லாரும் பார்க்கலாம். வைஃபையில் அனுப்பினால் படம் பின்தங்கும், யூஎஸ்பி கம்பியில் இணையுங்கள். கேமரா கைக்கும் தாளுக்கும் மாறி மாறிக் குவியம் தேடும். திரையில் தாளை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டிவிட்டால் நிற்கும். பிள்ளைகளின் கட்டுரையை அப்படியே காட்டித் திருத்தவும் இதே அமைப்புதான். பெயர் எழுதிய மூலையை மட்டும் ஒரு தாளால் மறைத்துக்கொள்ளுங்கள்.

---

கணினிக்கூடப் பொறுப்பாசிரியர், பிரிக்பீல்ட்ஸ்

புரொஜெக்டர் பற்றி நான் சொல்கிறேன். பாடவேளையை விழுங்குவது பெரும்பாலும் அதுதான்.

வெண்பலகையின் பளபளப்பு விளக்கொளியைத் திருப்பி அடிக்கும். நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்து அங்குள்ள எழுத்து காணாமல் போகும். வெள்ளை மாஜோங் தாள் (குழு வேலைக்கு எழுதும் பெரிய தாள்) இரண்டைப் பக்கத்தில் பக்கம் ஒட்டி அதன்மேல் காட்டுங்கள், பொட்டு போய்விடும். சாதாரண எடுத்துச்செல்லும் புரொஜெக்டர் ஏறக்குறைய 3 மீட்டர் தூரத்தில் 2 மீட்டர் அகலப் படம் தரும். வெளிச்சம் போதாவிட்டால் கருவியை முன்னே நகர்த்திப் படத்தைச் சிறிதாக்குங்கள். அகலம் பாதியானால் பரப்பு காலாகும், அதனால் வெளிச்சம் நான்கு மடங்காகும். சன்னலோரம் சிறிய, தெளிவான படமே மேல்.

படம் சரிவாக விழுந்தால் உடனே சரிவு திருத்தும் பொத்தானை அழுத்துவார்கள். அது படத்தை மின்னணு முறையில் நெருக்குகிறது, மெல்லிய கோடுகள் மங்கும். தமிழில் அதனால் முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குப் புள்ளி தெரியாவிட்டால் 'பட்டம்' என்பது 'படடம'. பொத்தானை விட்டுவிட்டு, கருவியைப் புத்தகங்கள்மேல் ஏற்றிப் படத்தின் நடுவுக்கு நேராக வையுங்கள்.

எழுத்தளவு 40க்குக் கீழே போகாதீர்கள், ஒரு ஸ்லைடில் ஐந்து வரி. பின்வரிசை 7 மீட்டரில் இருந்தால் அதற்குக் குறைந்த அளவு தெளிவாகத் தெரியாது. வெளிச்சமான அறையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வெளுத்துப்போகும். வெளிர் மஞ்சளில் கறுப்பு எழுத்து நிற்கும்.

எழுத்துரு இன்னொரு பெரிய சிக்கல். சில பள்ளிகளில் பழைய பயிற்றிகள் (பயிற்சித் தொகுப்புகள்) யூனிகோடு என்னும் பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். யூனிகோடிலேயே செய்யுங்கள். ஆனால் யூனிகோடு என்பதாலேயே எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் என்று இல்லை. விண்டோஸ் 10இல் நிர்மலா எழுத்துரு கூடவே வருகிறது, லதாவும் விஜயாவும் தனியாகச் சேர்த்தால்தான் வரும். நீங்கள் லதாவில் அடுக்கிய வரிகள் பள்ளிக் கணினியில் வேறு எழுத்துருவில் விழுந்து பெட்டிக்கு வெளியே வழியும். பவர்பாயிண்டின் சேமிப்பு அமைப்பில் எழுத்துருக்களைக் கோப்பிலேயே பதிக்கும் வசதி உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். கூடவே பிடிஎஃப் வடிவம் ஒன்றும் இருக்கட்டும்.

அழகு எழுத்துருக்களை முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தவிர்க்கலாம். பலவற்றில் 'ர' எழுத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு கண்ணில் படாது. எழுத்தை இன்னும் உறுதியாகப் பிடிக்காத பிள்ளைக்கு 'காரம்' என்ற ஒரு சொல்லே போராட்டமாகிவிடும்.

மடிக்கணினியில் எச்டிஎம்ஐ செருகுவாய், கருவியில் பழைய விஜிஏ மட்டும் என்று இருந்தால் இணைப்பு மாற்றி (அடாப்டர்) ஒன்று வாங்க வேண்டும், லோ யாட் கணினிப் பொருள் வளாகத்தில் மலிவாகக் கிடைக்கும். விஜிஏ கம்பியில் ஒலி போகாது, ஒலிபெருக்கியை மடிக்கணினியில் தனியாகச் செருகுங்கள். காணொளியை இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். கோப்பாகக் கையில் இருக்கட்டும், தேவையான இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி வையுங்கள்.

பேசவோ எழுதவோ வைக்கும்போது திரையை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் அங்கேயே இருக்கும். ஸ்லைடு ஓடும்போது முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் திரை கறுப்பாகும், மறுபடி தட்டினால் திரும்பும். முடிந்ததும் விளக்கு வகைக் கருவியைச் சட்டென்று மின்சாரத்திலிருந்து பிடுங்காதீர்கள். உள்விசிறி நிற்கும் வரை விடுங்கள், விளக்கின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

---

ஆசிரியர், பட்டர்வொர்த்

28 பேரின் விடையும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும் என்றீர்கள். அதற்குப் பிளிக்கர்ஸ் என்னும் செயலி. ஆளுக்குக் கறுப்புக் கட்ட வடிவம் அச்சிட்ட ஓர் அட்டை, கைப்பேசி உங்களிடம் மட்டும். அட்டையின் நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று சிறிதாக இருக்கும். பிள்ளை தன் விடை மேலே வரும்படி பிடிக்க, நீங்கள் கேமராவை வகுப்பின் குறுக்கே நகர்த்தினால் யார் என்ன விடை என்று பதிந்துவிடும். எழுத்து சிறிதாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளை பார்த்து மாற்ற முடியாது.

சிக்கும் இடங்கள் மூன்று. பளபளப்பான லேமினேட் வெளிச்சத்தைத் திருப்பும், கேமரா படிக்காது. தடித்த தாளில் அச்சிட்டு அப்படியே விடுங்கள், அல்லது மங்கல் உறை போடுங்கள். விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தாலும் படிக்காது, ஓரத்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். அட்டை எண் மாறினால் விடையெல்லாம் ஆள் மாறிவிடும், எனவே அதே எண்ணை மேசையிலும் ஒட்டுங்கள். இணையத்துக்கு உங்கள் கைப்பேசித் தரவைப் பகிர்ந்தால் போதும், செலவு மிகக் குறைவு.

கேள்வியைச் செய்வதில்தான் உழைப்பு. "நேற்று ____ பெய்தது" என்று கேட்டு மலை, மளை, மழை என மூன்று விடை வையுங்கள். நான்காவது 'தெரியவில்லை', அது ஊகத்தைக் குறைக்கும். 'மலை' என்றவருக்கு இரண்டு சொல்லின் பொருளும் குழம்பியிருக்கிறது. 'மளை' என்றவருக்குச் சொல் தெரியும், எழுத்துதான் தெரியாது. இருவருக்கும் வேறு வேறு குறைநீக்கல். விடை யாரைக் காட்டிக்கொடுக்கிறது என்று யோசித்துத் தவறான விடைகளை எழுதாவிட்டால் வெறும் மதிப்பெண்தான் கிடைக்கும்.

விடை வந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு ஹார்வர்ட் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் பரப்பிய முறை நன்றாகப் பொருந்தும். சரியான விடை 30 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் மறுபடி கற்பியுங்கள். 70க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகருங்கள். இடையில் இருந்தால், உங்கள் வகுப்பில் 9 முதல் 19 பேர், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசவைத்து மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். பெயரோடு முடிவைத் திரையில் காட்ட வேண்டாம்.

காஹூட் என்னும் புதிர்ப்போட்டிச் செயலியைக் கணினிக்கூடத்தில் நடத்தினால் வேகத்துக்குப் புள்ளி தருவதை நிறுத்துங்கள், நேரத்தையும் கூட்டுங்கள். தமிழ் வாசிப்பில் மெதுவான பிள்ளை விடை தெரிந்தும் தோற்கும். எழுத்து எண்ணிக்கை வரம்பும் தமிழுக்குச் சீக்கிரம் முடியும். 'கற்பித்தல்' நமக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் பத்துக் குறியீடு. கேள்வியைச் சுருக்கியே எழுதுங்கள்.

---

வருங்கால ஆசிரியை, செராஸ்

மிக்க நன்றி. மாஜோங் தாளும் 'தெரியவில்லை' விடையும் முதல் வாரத்திலேயே செய்துவிடுகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. பயிற்சித்தாள் தயாரிக்கச் சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றை நம்பலாமா? கணினிக்கூடத்துக்கு ஒரு பாடவேளை கிடைத்தால் மூன்றாம் ஆண்டுக்கு எதைச் செய்யலாம்?

---

தமிழாசிரியை, செந்தூல்

செய்யுளுக்கும் மொழியணிக்கும் (பழமொழி, மரபுத்தொடர் போன்றவை) சாட்ஜிபிடி வகை வேண்டவே வேண்டாம். இல்லாத குறளை வள்ளுவர் பெயரில் எழுதித் தரும், எண்ணும் போடும். செய்யுளின் பொருளைக் கலைத்திட்டத் தர ஆவணத்தில் இருப்பது போலவே சொல்ல வேண்டும், அதையும் மாற்றிவிடும். வாசிப்புப் பகுதி கேட்டால் ரூபாயும் ஆட்டோவும் வரும், நம் பிள்ளைக்கு வெள்ளியும் (ரிங்கிட்) எல்ஆர்டி ரயிலும்தான் தெரியும். 'அந்த பையன்' என்று வலி மிக வேண்டிய இடத்தில் மிகாமலும் விடும். பகுதியை நீங்களே எழுதி, அதற்குப் பத்துக் கேள்வி தயாரித்துத் தரச் சொல்லுங்கள், மூன்று நான்கு தேறும். தவறான விடைகளை யோசிக்க நல்ல துணை.

---

கணினிக்கூடப் பொறுப்பாசிரியர், பிரிக்பீல்ட்ஸ்

கணினிக்கூடத்தில் தமிழ்99 விசைப்பலகை. குரோம்புக்கில் உள்ளீட்டு முறைகளில் அது இருக்கிறது. நிர்வாக அமைப்பில் பூட்டியிருந்தால் பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, ஆக 31 விசை. 'க' தட்டி 'இ' தட்டினால் 'கி'. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைப் பிள்ளை விரலால் செய்து பார்க்கிறது. ப, ந, த, உ என்று நான்கே விசையில் 'பந்து' வரும், புள்ளி தானாக விழும், ஏனென்றால் ந்த, ம்ப, ண்ட போன்ற இணைகளுக்கு அந்த விதி உள்ளேயே இருக்கிறது. இனவெழுத்துப் பாடம் நடத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் பாடவேளையில் டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கில் நுழைவதற்கே நேரம் போகும். 'எம்' என்று தொடங்கும் அடையாளத்தையும் கடவுச்சொல்லையும் ஆளுக்கொரு அட்டையில் பெரிதாக அச்சிடுங்கள். பூஜ்யமும் 'ஓ'வும் குழம்பாத எழுத்துருவில் இருக்கட்டும். ஒரு கருவிக்கு இருவர், ஒருவர் சொல்ல ஒருவர் தட்டுவது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். முதல் நாளுக்கு எட்டுச் சொல் போதும். கடவுச்சொல் மறந்தவர்களின் பட்டியலை முந்தின நாளே என்னைப் போன்ற பொறுப்பாசிரியரிடம் கொடுத்தால் மாற்றி வைத்துவிடுவார்.